பின்பக்கமாக வந்த டாக்சி

அன்று விடிந்ததிலிருந்தே பரஞ்சோதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டாக்சி லைசென்ஸ் விசாரணைக்காக அவனைச் சுங்கைப் பட்டாணி போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

கரும்பாறைத் தோட்டத்தில் அவன் ரப்பர் பால் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். பால் வெட்டுகிற மலையிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து மலைக்கு. ஆறு வருஷமாக அதே செம்மண் பாதை, அதே மேடு, அதே பள்ளம். டாக்சி என்றால் அப்படியா? இன்றைக்கு அலோர் ஸ்டார், நாளைக்குப் பட்டர்வொர்த், யாராவது துணிந்து கேட்டால் ஈப்போ! சுங்கைப் பட்டாணியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஹபீப் முகம்மதுவுக்கு இரண்டு டாக்சிகள் இருந்தன. இரண்டாவது வண்டியின் டிரைவர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டதால் அது கடைக்குப் பின்னால் கித்தான் போர்த்திக்கொண்டு நின்றது.

"போலீஸ்ல சரின்னு சொல்லட்டும் தம்பி, சாவி ஒனக்குத்தான்" என்று ஹபீப் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பரஞ்சோதி லயத்தில் சொல்லாத வீடில்லை.

அவன் மனைவி அழகம்மாவும் பால்வெட்டுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். தன்னைத்தான் விசாரிக்கப் போகிறார்கள் என்பதுபோல வழியெல்லாம் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்து மூன்றாவது வருஷம் அது. காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் டாக்சியில் போகிறது என்று போலீஸ் சந்தேகப்பட்டது. அதனால் டாக்சி ஓட்ட நினைப்பவனின் பூர்வோத்தரம் முழுவதையும் தோண்டிப் பார்த்த பிறகுதான் லைசென்ஸ். போதாக்குறைக்குப் புக்கிட் செலம்பாவ் சாலையில் இரண்டு டாக்சிகளை மறித்து நகைகளைப் பறித்திருந்தார்கள். பறித்தவர்கள் காக்கி உடுப்பும் நட்சத்திரம் வைத்த தொப்பியும் போட்டிருந்தார்களாம். கம்யூனிஸ்டுகள்தான் என்று ஊரே சொன்னது. நகை இருக்கிற வண்டியை மட்டும் அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் தர்மலிங்கம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட காக்கிச்சட்டை. சிரிப்பு என்ற ஒன்று அந்த முகத்துக்கு வந்துபோன தடயமே இல்லை.

"நாப்பத்தேழுல ஸ்ட்ரைக்குல உள்ள போயிருக்க."

"ஆமாங்க துவான். லோக்காப்புல வச்சிருந்தாங்க. அப்புறம் கேஸ் நிக்கலன்னு விட்டுட்டாங்க."

"ஒங்கூட புடிச்சாங்களே அம்மாசி, அவன் இப்ப எங்க?"

"காட்டுக்குப் போயிட்டான்னு பேசிக்கிறாங்க. நான் பாத்து நாலு வருஷம் ஆச்சு."

"அரிசி கேட்டு ஆள் விட்டானா?"

"இல்லீங்க."

"விட்டா குடுப்பியா?"

"எங்க வீட்டுக்கே அளந்து குடுக்குற அரிசி துவான். அதுல யாருக்குக் குடுக்குறது?"

தர்மலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். குரலைக் கொஞ்சம் தணித்தார்.

"இங்க பாரு, நான் ஒனக்கு எதிரி இல்ல. அந்த ஸ்ட்ரைக்குல சேந்தது தப்புதான், வருத்தப்படுறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எனக்கும் மேல அனுப்ப லேசா இருக்கும்லா."

ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் கித்தானுக்கு அடியில் நிற்கிற வண்டி அவனுடையது. பரஞ்சோதிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த வருஷம் ஆலை வாசலில் நின்ற கூட்டம் கண்ணுக்குள் வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பொம்பளைகள், வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று முகம் வீங்கிப்போன கிழவர்கள்.

"அரிசி பத்தலன்னு கேட்டோம் துவான். கேட்டது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

தர்மலிங்கம் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

"காத்துக்கிட்டு இரு. லைசென்ஸ் வரலாம். வராமயும் போகலாம்."

வெளியே மரத்தடியில் நின்ற அழகம்மா ஓடி வந்தாள். "என்ன ஆச்சு? என்னைக் கூப்புடவே இல்ல?" அவன் நடந்ததைச் சொன்னான். அவள் திட்டுவாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

"வருத்தப்படுறேன்னு சொல்லியிருந்தீங்கன்னா ஒங்களை இங்கயே விட்டுட்டுப் போயிருப்பேன்" என்றாள் அழகம்மா. "அந்த ஸ்ட்ரைக்குல நானுந்தான் நின்னேன். வாங்க, பசிக்குது."

தோட்டத்துப் பக்கம் போகிற பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார்கள். விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஹபீப் கடைக்குப் போனபோது, அங்கே முதல் டாக்சி புறப்படத் தயாராக நின்றது. கறுப்பு ஆஸ்டின். ஹபீபின் தங்கை சைதூன் பின்சீட்டில் மடியில் ஒரு தகரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புக்கிட் செலம்பாவில் கல்யாணம். மணப்பெண்ணுக்குப் போடவேண்டிய நகைகளை அவள்தான் கொண்டுபோகிறாள். மறுநாள் போவதாக இருந்தவள், ஊரடங்கு போடப் போகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

"வண்டி ஒங்க தோட்டத்தைத் தாண்டித்தானே போவுது? ஏறிக்குங்க" என்றார் ஹபீப்.

"முதலாளி, பொம்பளையாளு போற வண்டி..." என்று டிரைவர் பழனியாண்டி இழுத்தான்.

"நம்ம பரஞ்சோதிதானே? அவன் பொஞ்சாதியும் கூட வருது. என்ன இப்ப?"

பழனியாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. டாக்சி ஸ்டாண்டிலேயே பேர் பெற்ற டிரைவர் அவன். பன்னிரண்டு வருஷமாக ஒரு விபத்து இல்லை, ஒரு புகார் இல்லை. மற்றவர்களைப் பத்துக் கேள்வி கேட்கிற போலீஸ்காரர்கள் அவனைக் கண்டால் கையை அசைத்துப் போகச் சொல்லிவிடுவார்கள். லைசென்ஸ் கிடைக்காதவனைப் பக்கத்தில் உட்கார வைக்கப் பிடிக்கவில்லையாக்கும் என்று பரஞ்சோதி நினைத்துக்கொண்டான்.

வண்டி கிளம்பியதும் பரஞ்சோதிக்கு வருத்தம்கூட மறந்துபோயிற்று. லோரியைப் போலக் குலுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது அந்த ஆஸ்டின். கியர் விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். பின்சீட்டில் அழகம்மாவும் சைதூனும் கல்யாணப் பலகாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். முச்சந்தியில் ஹோம் கார்டுகள் வண்டியை நிறுத்தி அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு விட்டார்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பால்மரங்கள்தான். மரப்பாலத்தைத் தாண்டினார்கள். பாதை ஏறத் தொடங்கியது.

ஒரு வளைவு வந்தது. வளைவுக்கு முன்னாலேயே பழனியாண்டி வேகத்தைக் குறைத்தான். வளைவு அவ்வளவு மோசமில்லையே என்று பரஞ்சோதி நினைத்து முடிப்பதற்குள் வண்டி திரும்பியது. நடுச்சாலையில் ஒரு பால்மரம் குறுக்கே கிடந்தது.

மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். காக்கி உடுப்பு, நட்சத்திரத் தொப்பி, கண்ணுக்குக் கீழே துணி. ஒருவன் கையில் துப்பாக்கி, இன்னொருவன் கையில் பாராங் கத்தி.

"யா அல்லா!" என்று சைதூன் பெட்டியைக் கட்டிப்பிடித்தாள்.

பழனியாண்டி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். "சுட்றாதீங்க, சுட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓரமாகப் போய் நின்றுகொண்டான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கதவும் திறந்தே கிடந்தது. துப்பாக்கிக்காரன் முன்பக்கம் நின்று கண்ணாடிக்கு நேராகக் குறி வைத்தான். பாராங்காரன் சுற்றி வந்து சைதூன் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"பெட்டி! பெட்டியக் குடு!"

"மாட்டேன்! இது கல்யாணப்பொண்ணு நகைடா!"

அவன் பெட்டியைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அழகம்மா கையில் வைத்திருந்த தூக்குச்சட்டியை ஓங்கி அவன் மணிக்கட்டில் போட்டாள். "ஆ" என்று அவன் கையை உதறிய அந்த ஒரு நொடியில் பரஞ்சோதி டிரைவர் சீட்டுக்குத் தாவிவிட்டான்.

யோசித்துச் செய்தது இல்லை அது. கால் தானாகக் கிளட்சை மிதித்தது. கை தானாகக் கியரைப் பின்னுக்குத் தள்ளியது. ஆஸ்டின் ஒரு கத்துக் கத்திவிட்டுப் பின்னால் பாய்ந்தது. திறந்திருந்த கதவு பாராங்காரனை அடித்துச் சாலையோரச் சாக்கடைக்குள் தள்ளியது.

"குனிஞ்சுக்குங்க!" என்று பரஞ்சோதி கத்தினான். இதோ வெடிக்கும், இதோ வெடிக்கும் என்று முதுகெலும்பு கூசியது. வெடிக்கவில்லை. துப்பாக்கிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது மட்டும் ஒரு கணம் தெரிந்தது. வளைவு வந்து அவனை மறைத்துவிட்டது.

வண்டியைத் திருப்ப அந்த இடத்தில் வழியே இல்லை. ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் பள்ளம். நிறுத்தித் திருப்பினால் பின்னாலேயே ஓடி வருவார்கள். பின்பக்கமாகவே போகவேண்டியதுதான். ஆனால் பின்கண்ணாடியோ முறத்தளவுகூட இல்லை. அதையும் சைதூனின் முக்காடு மறைத்தது.

"அழகம்மா! எனக்கு ஒண்ணும் தெரியல! நீ பாத்துச் சொல்லு!"

அழகம்மா சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"நேரா... நேரா... வலது! வலது! ஐயோ, என் வலதுங்க!"

"நீ திரும்பி ஒக்காந்திருக்கடி! எது வலது?"

"மேட்டுப் பக்கம்! மேட்டுப் பக்கம் திருப்புங்க!"

வண்டி மேட்டை உரசி மண்ணைக் கிளப்பியது. அந்த உலுக்கலில் திறந்து கிடந்த இரண்டு கதவுகளும் தாமாக அறைந்து மூடிக்கொண்டன. சைதூன் பெட்டியோடு கீழே உட்கார்ந்து தனக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஓதினாள்.

"இப்ப பள்ளத்துப் பக்கம்... கொஞ்சம்... போதும்! நேரா! பாலம் வருதுங்க!"

மரப்பாலம். முன்னால் போகும்போதே ஊர்ந்து போகவேண்டிய பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது, இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு அரையடி மிச்சம் இருந்தால் பெரிது. பரஞ்சோதி வேகத்தைக் குறைத்தான். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"நேரா வாங்க. நேரா. அப்படியே. ஆட்டாதீங்க. நான் இருக்கேன், வாங்க" என்றாள் அழகம்மா. அந்தச் சமயத்தில் அவள் குரல் ஆடவே இல்லை. சக்கரத்துக்கு அடியில் பலகைகள் ஒவ்வொன்றாகத் தடதடத்தன. தடதடப்பு நின்று தார்ச்சாலையின் சத்தம் கேட்டதும் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

மிச்ச தூரத்தை அவன் எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே நினைவில்லை. முச்சந்தியில் நின்ற ஹோம் கார்டுகள் பார்த்தது இதைத்தான்: சற்று முன்பு தாங்கள் சோதித்து அனுப்பிய டாக்சி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பின்பக்கமாகப் பறந்து வருகிறது. நான்கு பேரும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள்.

"சுடப் போறாங்க! நிறுத்துங்க!" என்று அழகம்மா அலறினாள்.

பரஞ்சோதி பிரேக்கின் மேல் ஏறியே நின்றான். வண்டி ஒரு சுற்றுச் சுற்றிக் குறுக்கே நின்றது. சைதூன் முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

"ஜாங்ஙான் தெம்பாக்! ஜாங்ஙான் தெம்பாக்!" சுடாதே, சுடாதே என்று மலாயில் கத்தினாள். "கொள்ளைக்காரனுங்க அங்க இருக்கானுங்க! எங்களை ஏன்டா சுடுறீங்க!"

போலீஸ் லோரி உடனே பறந்தது. பாராங்காரன் முழங்கால் பிசகிச் சாக்கடைக்குள்ளேயே கிடந்தான். துப்பாக்கிக்காரன் தப்பிவிட்டான். இரண்டு நாள் கழித்து அவனைக் கோலா கெத்தில் என்ற ஊரின் சந்தையில் வைத்துப் பிடித்தார்கள். அவன் போட்டுவிட்டு ஓடிய துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்த போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்தில் செதுக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்த துப்பாக்கி. காட்டுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, வெறும் திருடர்கள்.

பழனியாண்டி சாலையோரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிலையத்துக்குக் கொண்டு வந்ததும் அவன் முதலில் சொன்னது இதுதான்:

"துவான், இது பரஞ்சோதி செஞ்ச வேலை. அவனும் அவன் பொஞ்சாதியும் வலிய வந்து ஏறினாங்க. ஆளுங்களை வர வச்சதே அவன்தான். கடைசியில பயந்துபோயி வண்டியை எடுத்துக்கிட்டு ஓடிட்டான். எம்மேல ஒரு கீறல் உண்டா? அவன் ஜெயிலுக்குப் போனவன்."

காலையில் நின்ற அதே மேசைக்கு முன்னால் பரஞ்சோதி மறுபடி நின்றான். உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த நடுக்கத்தைப் பார்த்தே என்னைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவார்களோ என்று பயந்தான்.

"லைசென்ஸ் இல்லாம டாக்சி ஓட்டுனது உண்டா?" என்று தர்மலிங்கம் கேட்டார்.

"உண்டுங்க துவான்."

"அதுக்கே ஒன்னை உள்ள வைக்கணும்." வைத்தும் விட்டார்.

கம்பிக் கதவு சாத்தப்பட்டதும் அழகம்மா தர்மலிங்கத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். காலையில் ஒத்திகை பார்த்த மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "வழிமறிச்சவன் தப்பிச்சு வெளிய, எங்க உசிரைக் காப்பாத்தினவரு உள்ளயா? என்ன ஞாயம் இது? வண்டியை அவரு மட்டுமா ஓட்டுனாரு? நானுந்தான் ஓட்டுனேன், என்னையும் போடுங்க உள்ள!"

அவளை உட்காரச் சொல்ல தர்மலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் சைதூன் முந்திக்கொண்டாள்.

"துவான், நான் ஒண்ணு கேக்குறேன். நான் நாளைக்கிப் போறதா இருந்தவ. இன்னிக்கே போறேன்னு முடிவு பண்ணினது காலையில கடை தொறந்த பொறவு. என் கூடப்பொறந்த காக்காவுக்கும் இந்தப் பழனியாண்டிக்கும்தான் தெரியும். தெரிஞ்ச ஒடனே பெட்ரோல் போட்டுட்டு வர்றேன்னு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனவன் ரொம்ப நேரம் வரவே இல்ல. அப்ப இந்தப் பரஞ்சோதி எங்க இருந்தான்?"

தர்மலிங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஒங்க முன்னாலதானே துவான் நின்னுக்கிட்டிருந்தான்! நீங்கதானே அவனைப் புடிச்சி வச்சிக் கேள்வி கேட்டுக்கிட்டிருந்தீங்க!"

மூலையில் இருந்த மலாய்க் கார்ப்பரல், தமிழ் தெரியாவிட்டாலும் ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். தர்மலிங்கம் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். முழங்காலில் கட்டுப் போட்டிருந்த பாராங்காரன் அங்கே இருந்தான். பேர் முனியாண்டி. பழனியாண்டி மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பழனியாண்டி எப்படியும் பரஞ்சோதியை மாட்டிவிட்டுவிடுவான் என்று நம்பி முதலில் அவன் வாயை இறுக்கிக்கொண்டிருந்தான். பெட்ரோல் போடப் போன வண்டி எங்கே போனது என்று தர்மலிங்கம் கேட்டதும் உடைந்துவிட்டான். நகை போகிற வண்டியைப் பற்றிப் பழனியாண்டிதான் முன்கூட்டியே வந்து சொல்வானாம்; முன்பு நடந்த இரண்டு கொள்ளைகளும் அப்படி நடந்தவைதான்.

பழனியாண்டி ஏன் அப்படிச் செய்தான் என்று பிறகு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவன் வாயால் காரணம் எதையும் சொல்லவில்லை. தனக்கிருந்த நல்ல பேரைப் பற்றி மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான்.

சூரியன் சாய்வதற்குள் பரஞ்சோதியை விட்டுவிட்டார்கள். வெளியே டாக்சி ஸ்டாண்டே திரண்டு நின்றது. அவனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். "ரிவர்ஸ் பரஞ்சோதி" என்று அன்றைக்கு யாரோ வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஹபீப் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருஷம் நம்பிய பழனியாண்டியே இப்படிச் செய்தான் என்பதை அவரால் அன்று ஜீரணிக்க முடியவில்லை.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குக் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மாஜிஸ்ட்ரேட் நடந்ததைக் கேட்டுவிட்டு, பின்பக்கமாக எவ்வளவு தூரம் ஓட்டினாய் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு இனிமேல் இப்படிச் செய்யாதே என்று கண்டித்து விட்டுவிட்டார்.

லைசென்ஸ் விசாரணை மட்டும் அதன் போக்கில்தான் நடந்தது. ஒரு மாதம் ஆயிற்று, இன்னொரு மாதமும் ஆயிற்று. ஒரு நாள் தர்மலிங்கமே உடுப்பு இல்லாமல், வெறும் வேட்டி சட்டையில் தோட்டத்துக்கு வந்தார். லயத்தில் கேட்டார், ஆலையில் கேட்டார். பரஞ்சோதியோடு ஒரு காலத்தில் கைகலப்பு வரை போன கங்காணியிடமும் கேட்டார்.

"கோவக்காரன் துவான். எனக்கு அவனைக் கண்டா ஆகாது" என்றார் கங்காணி. "ஆனா பொய் சொல்லி நான் பாத்ததில்ல."

அடுத்த வாரம் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். தர்மலிங்கம் லைசென்ஸையும் சட்டையில் குத்திக்கொள்ளும் வட்டப் பித்தளை வில்லையையும் மேசைமேல் வைத்தார்.

"ஒன் ஸ்ட்ரைக் விஷயம் அப்படியேதான் இருக்கு. நான் அழிக்கல. அழிக்கவும் முடியாது."

"அழிக்க வேணாம் துவான். அது நடந்ததுதானே."

"அதுக்குக் கீழ இன்னொரு விஷயத்தையும் சேத்திருக்கேன்." சொல்லும்போது அந்த முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. சிரிப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது. "போ. ஒன் பொஞ்சாதி வெளிய நிக்குது. உள்ள வந்துடப் போவுது."

மறுநாள் காலையில் ஹபீப் கடைக்குப் பின்னாலிருந்த கித்தானை உருவினார்கள். அழகம்மா வண்டியைக் கழுவிக் கண்ணாடிக்கு மேலே சந்தனப் பொட்டு வைத்தாள். ஹபீப் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் முன்சீட்டில் கை வைத்து ஒரு துஆ ஓதினார். அலோர் ஸ்டாருக்கு என்று மூன்று பேர் வந்து ஏறினார்கள். நாலாவது ஆள் கிடைக்கவில்லை.

"இன்னொரு ஆளு வரட்டுமே" என்றார் ஹபீப்.

"வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டு அழகம்மா முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

பீடோங் தாண்டியது, குரூண் தாண்டியது. இடது பக்கம் ஜெராய் மலை மேகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. பால்மரக் காடு திடீரென்று முடிந்தது. அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சை வயல், அதன் நடுவில் ஆணி அடித்த மாதிரி நேரான சாலை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பரஞ்சோதி இவ்வளவு நேரான ஒரு சாலையை அதுவரை பார்த்ததில்லை. அழகம்மா ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்றில் கையை நீட்டினாள்.

"என்னங்க, கொஞ்சம் அழுத்துங்களேன்!"

பின்சீட்டில் இருந்த மூன்று பேரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.